அந்தரத்தில் நின்ற ஊசி ஸ்பிரிங்

பிஸ்டலைக் கழற்றும்போது தெறித்த ஊசி ஸ்பிரிங், பதினோரு வருடம் நாலு மாதம் கழித்துத்தான் கீழே விழுந்தது. அதுவரை அது முன்னறையில், ஜன்னலிலிருந்து ஆறடி தள்ளி, தரையிலிருந்து நாலே முக்கால் அடி உயரத்தில், எதிலும் தொங்காமல், எதன்மேலும் உட்காராமல் நின்றது. உயரத்தை அளந்து சொன்னவர் அந்த வீட்டுக்காரியின் நாத்தனார் புருஷன். கட்டட மேஸ்திரியான அவருடைய சட்டைப்பையில் அளவு டேப் எப்போதும் இருக்கும். ஸ்பிரிங் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தையல் நூல் தடிமனில் ஒரு கம்பி, பதினாறு சுற்று, நீளம் சுண்டுவிரலில் ஒரு கணு கூட வராது. இத்தனூண்டு சாமானுக்காக ஒரு வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறதே என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தெருவில் என்ன வேண்டுமானாலும் பேசுவார்கள். அது எவ்வளவு பெரிய சாமான் என்பது அந்த வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்.

சுடும் கழகத்தில் அவளுக்குப் பெயர் பத்துக்காரி. இலக்கு அட்டையின் நடுவட்டத்துக்குப் பத்து மதிப்பெண், அவள் சுட்டால் பெரும்பாலும் அங்கேதான் போய் விழும். பிழைப்புக்கு அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். இருபத்து மூன்று வயதில், கழக உறுப்பினர் ஒருவருக்குக் கண்ணாடியைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு போனவளிடம், "சரியாத் தெரியுதான்னு நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க" என்று பிஸ்டலையும் கையில் கொடுத்தார்கள். அடுத்தவர் பவர் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு அவள் ஐந்து முறை சுட்டாள். நாலு பத்தில் விழுந்தது, ஐந்தாவது ஒன்பதில். அந்த ஒன்பதுக்காக அவள் கோபப்பட்ட விதத்தைப் பார்த்துத்தான் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு ஓய்வு பெற்ற ஓர் உறுப்பினரின் பிஸ்டல் அவள் கைக்கு வந்தது. அதன் மரக் கைப்பிடியை, கடையில் மிஞ்சிய உப்புத்தாளை வைத்துத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று மாதம் தேய்த்து, தன் உள்ளங்கையின் மேடு பள்ளத்துக்குச் சரியாக ஆக்கினாள். வேறு யார் பிடித்தாலும் அடுத்தவர் செருப்புக்குள் காலை விட்ட மாதிரி இருக்கும்.

அந்தப் பிஸ்டலை அவள் ஞாயிற்றுக்கிழமை தோறும் கழற்றித் துடைப்பாள். முதலில் தோட்டா அடுக்கும் மேகசினை உருவி எடுப்பாள். தோட்டா உட்காரும் குழியில் ஒன்றும் இல்லை என்று கண்ணால் ஒரு தடவை, சுண்டுவிரல் நுனியால் ஒரு தடவை பார்ப்பாள். குழலைத் தனியே எடுத்து, போல்ட் என்கிற இரும்புக்கட்டையைப் பின்பக்கம் இழுத்து, அதன் வயிற்றுக்குள் இருக்கும் ஊசியையும், ஊசியைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கையும் வெளியே எடுப்பாள். எல்லாம் விரித்த பழைய தாளில் இடமிருந்து வலமாக, கழற்றிய வரிசையில் படுக்கும். பித்தளை பிரஷைக் குழலின் பின்பக்கத்திலிருந்துதான் விடுவாள். முன்பக்கத்திலிருந்து விட்டால் குழல் வாயின் விளிம்பில் கீறல் விழும், கீறல் விழுந்தால் தோட்டா தன் இஷ்டத்துக்குப் போகும். முதல் துணித்துண்டு அடுப்புக்கரி மாதிரி கறுப்பாக வரும், ஈயமும் மெழுகும் புகையும் சேர்ந்த கறுப்பு. இரண்டாவது சாம்பல் நிறம். நாலாவது போட்டபடியே வெள்ளையாக வந்தால் போதும். எண்ணெய் விரல் நுனியில் ஒரே சொட்டு, அதையும் தடவிவிட்டுத் துடைத்துவிடுவாள். இந்த வகைத் தோட்டாவுக்கு அடிப்பாகத்தின் விளிம்பில்தான் மருந்து இருக்கிறது. ஊசி நடுவில் குத்தினால் ஒன்றும் நடக்காது, விளிம்பில் அடித்தால்தான் வெடிக்கும். அடித்த ஊசியைத் திரும்ப உள்ளே இழுப்பது அந்தச் சின்ன ஸ்பிரிங். அது இல்லாவிட்டால் ஊசி வெளியே நீட்டிக்கொண்டே நிற்கும், அடுத்த தோட்டா ஏறும்போது கேட்காமலே வெடித்துவிடும். அப்படிப்பட்ட பிஸ்டலை எந்தச் சுடுகளத்திலும் வாசல் தாண்ட விடமாட்டார்கள்.

இதையெல்லாம் எதிர் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பான் அவள் புருஷன். அவன் தையல் மெஷின் மெக்கானிக். நாலு தெருவில் எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் அந்த முன்னறைக்குத்தான் தூக்கி வருவார்கள். வேலையில் கெட்டிக்காரன், அதை யாரும் மறுக்க முடியாது. அவனுக்கு இரண்டு கொள்கைகள். ஒன்று, எண்ணெய் போடாத மெஷின் ஏதும் உலகத்தில் இருக்கக் கூடாது. ஒரு சொட்டோடு நிறுத்துகிற பெண்டாட்டியைப் பார்த்து அவன் கை அரிக்கும். இரண்டாவது, ஸ்பிரிங் உள்ள எதையும் ஈரத்துணிக்கு அடியில் வைத்துத்தான் கழற்ற வேண்டும். மஞ்சள் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, மெஷின் தலைமேல் போர்த்தி, துணிக்குள் கையை விட்டு விரலால் தடவித் தடவித்தான் திருகுவான். தெறித்த ஸ்பிரிங் துணியில் பட்டு அங்கேயே விழுந்துவிடும். வேலை இல்லாத நேரத்தில் அந்தத் துணி ஜன்னல் பக்கத்து ஆணியில் தொங்கும். பத்தொன்பது வருடத் தொழிலில் ஒரு ஸ்பிரிங்கைக்கூடத் தொலைத்ததில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவான். அது உண்மைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பத்துக்காரிக்குக் கடையில் அரை நாள் வேலை. மறுநாள் திங்கட்கிழமை, சுடும் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு. முதல் ஐந்து பேருக்கு வேறொரு ஊரில் ஆறு மாத முகாம், அதற்குப் பிறகு பெரிய போட்டிகள். அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது, மகளுக்கு மூன்று. முகாம் முடியும் வரை மகளை நாத்தனார் பார்த்துக்கொள்வதாக எல்லாம் பேசி முடிந்திருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு அவள் வீட்டுக்குள் கால் வைத்தபோது, பூட்டியிருக்க வேண்டிய இரும்புப் பெட்டி திறந்து கிடந்தது. சாவி இருக்கும் இடம் அந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மேஜையில் பிஸ்டல் பாகங்கள் கன்னாபின்னாவென்று எண்ணெயில் மிதந்தன. புருஷன் தரையில் கைகளை ஊன்றி, முழங்காலில் நின்றபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு எந்த ஸ்பிரிங்காக இருந்தாலும் அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்திருக்கும். இது தெறித்து, எதிர்ச்சுவரில் மோதி, திரும்பி வரும் வழியில் நடு அறையில் நின்றுவிட்டது. "நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றான் அவன். "நாளைக்குத் தேர்வு, சுத்தம் பண்ணி எண்ணெய் போட்டு வைக்கலாம்னு பாத்தேன்." ஸ்பிரிங் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. காற்று என்று இருவரும் நினைத்தார்கள்.

அவள் எட்டி அதைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இடுக்கியால் இழுத்தாள். வரவில்லை. மேஸ்திரி வரவழைக்கப்பட்டார். அவர் இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டு காலை மடக்கித் தொங்கிப் பார்த்தார். எண்பத்து நாலு கிலோ எடையை அந்தச் சின்னக் கம்பி முனகாமல் தாங்கியது, சுற்றுகள் கூட விரியவில்லை. "அடிச்சு வச்ச ஆணி மாதிரி இருக்கும்மா" என்று கையைத் தட்டிக்கொண்டு இறங்கினார். கண்ணுக்கு நேரே இருக்கிற சாமானை எடுக்க முடியாத கொடுமைக்கு அன்று அவளுக்கு அழுகை வரவில்லை, உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. திங்கட்கிழமை கழகத்தின் பொது பிஸ்டலோடு போனாள். அதன் கைப்பிடி யாரோ ஒரு தடியனுக்காகச் செய்தது, அவள் விரல் விசையை எட்டவே பாதி உள்ளங்கை நழுவியது. இரண்டு மதிப்பெண் குறைந்து ஆறாவதாக வந்தாள். ஆயுதத்தைக் குறை சொல்லக்கூடாதும்மா என்று கழகச் செயலாளர் பெரிய மனுஷத்தனமாக உபதேசம் செய்தார். அவர் பிஸ்டலை யாரும் எண்ணெயில் முக்கியதில்லை.

எட்டு வாரம் கழித்துத் தபாலில் மாற்று ஸ்பிரிங் வந்தது. புத்தம் புதுசு, அளவு துல்லியம். அதை அவள் போடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "இதைப் போட்டா எல்லாம் சரியாப் போச்சுன்னு ஆயிடும். சரியாப் போகலை" என்றாள். வந்த உறையிலேயே வைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை துடைப்பதை விடவில்லை. சுடாத பிஸ்டலில் என்ன அழுக்கு இருக்கும் என்று கேட்கலாம். முதல் துணித்துண்டு ஒவ்வொரு வாரமும் கரியாகத்தான் வந்தது. இரண்டாவதும் கரிதான், மூன்றாவதும் கரிதான். வாரம் முழுக்க அவள் பல்லைக் கடித்து விழுங்கியதெல்லாம் அந்தக் குழலில் போய்ப் படிந்தது. பதினேழு, பதினெட்டுத் துண்டு போன பிறகுதான் வெள்ளை வரும். உறவுக்காரக் கல்யாணம் ஏதாவது வந்த வாரம் முப்பது துண்டு கூட ஆகும். பிறகு வரிசையாக ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டே வந்து, ஊசி வரைக்கும் வந்து, அங்கே நிறுத்திவிடுவாள். முடியாத பிஸ்டல் பெட்டிக்குள் போகும், பூட்டு விழும், சாவி அவள் கழுத்துக்குப் போகும்.

வீடு அந்த ஸ்பிரிங்கைச் சுற்றித் தன்னை மாற்றிக்கொண்டது. மெஷின் தூக்கி வருகிறவர்கள் வாசலிலேயே, "தலை பத்திரம்" என்று எச்சரிக்கப்பட்டார்கள். ஸ்பிரிங்குக்கு நேர் மேலே இருந்த ஃபேனைப் போட்டால் அது வீணை நரம்பு மாதிரி ரீங்கரிக்கும், பல் கூசும். அதனால் பதினோரு கோடைக்காலம் அந்த அறையில் ஃபேன் ஓடவில்லை. பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியர் காந்தம் கொண்டுவந்து காட்டினார். காந்தம் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அலமாரிக் கதவில் போய் ஒட்டியது, ஸ்பிரிங் அசையவில்லை. இதைப் பாடத்தில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். மகள் அதற்கு அடியில்தான் வளர்ந்தாள். வருடா வருடம் பிறந்தநாளன்று அதற்குக் கீழே போய் நிற்பாள், உச்சந்தலைக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் எத்தனை விரற்கடை என்று பார்ப்பார்கள். பன்னிரண்டு வயதில் தலை தட்டியது. அதன்பிறகு அவளும் குனிந்து போகக் கற்றுக்கொண்டாள்.

இதில் எரிச்சலைக் கிளப்பும் விஷயம் என்னவென்றால், ஊர் அனுதாபம் முழுவதும் மெக்கானிக்குக்குத்தான் போனது. பாவம், பெண்டாட்டிக்கு உதவி செய்யப் போய் மாட்டிக்கொண்டான். பாவம், அன்றைக்கு நாலு மணி நேரம் தரையில் தவழ்ந்திருக்கிறான். கையில் எண்ணெய் இருந்தால் வழுக்கத்தானே செய்யும். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்பான். ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங் ஒரு சுற்றுச் சுற்றும். பாருங்கள், அதற்கே மனசு கேட்கவில்லை என்பார்கள். நாலாம் வருடம், மேஸ்திரி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் முன்னால் அவன் அவளிடம் மன்னிப்பு கேட்டான். கண்ணில் தண்ணீர் கூட வந்தது. தெரியாமல் நடந்துவிட்டது, இனிமேல் உன் சாமானைத் தொடமாட்டேன் என்றான். நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். பத்துக்காரி சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஸ்பிரிங் இன்னும் ஓர் அங்குலம் மேலே ஏறியிருந்தது, மறுநாள்தான் பழைய இடத்துக்கு இறங்கியது. ஒரு ஸ்பிரிங்குக்கு இவ்வளவு வீம்பா, என்ன நெஞ்சழுத்தம் என்று அன்றையிலிருந்து வெளிப்படையாகவே கரித்துக்கொட்டினார்கள். பத்துக்காரி என்ற பெயர் மெல்ல மெல்லத் தேய்ந்து, கோபக்காரி என்றே ஆகிவிட்டது. கழகத்தில் புது ஆட்கள் வந்துவிட்டார்கள், அவர்களுக்கு இரண்டு பெயருமே தெரியாது.

தன் கோபம் நியாயமானதா என்று அவளுக்கே சந்தேகம் வந்த நாட்கள் உண்டு. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. புருஷன் குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, மகளின் தலைமுடியை அவள்கூட அவ்வளவு பொறுமையாகச் சிக்கெடுத்ததில்லை. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அவன் தங்கம். லென்ஸ் தேய்க்கும் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, நான்தான் ராட்சசியோ என்று நினைத்துக்கொள்வாள். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், கேட்டே ஆக வேண்டும் என்று, "எதுக்காக என் பிஸ்டலைத் தொட்டீங்க?" என்று கேட்பாள். வருடத்துக்கு நாலைந்து முறையாவது கேட்டிருப்பாள். பதில் அதே பதில்தான், சுற்று அதே சுற்றுதான்.

பன்னிரண்டாம் வருடம், ஒரு சனிக்கிழமை காலை, பள்ளிக்கூடம் விடுமுறை. மகள் எழுதிக்கொண்டிருந்த பேனா சிக்கிக்கொண்டது. தலையில் அமுக்கினால் முனை வெளியே வருமே, அந்த வகைச் சாதாரணப் பேனா. "அப்பா, இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்று நீட்டினாள். மெக்கானிக் அதை வாங்கி மேஜையில் வைத்தான். எழுந்து போய் ஆணியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தான், வாளியில் நனைத்தான், பிழிந்தான். பேனாவின் மேல் போர்த்தி, துணிக்குள் கையை விட்டு, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு திருக ஆரம்பித்தான். பத்துக்காரி ஜன்னலோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கை நின்றது. பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்த மத்தியானம் கண்ணுக்குள் வந்தது. திறந்த பெட்டி, மேஜையில் எண்ணெய், முழங்காலில் புருஷன், அவனுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னல் பக்கத்தில் ஆணி, ஆணியில் மஞ்சள் துணி. துணி பொரித்த அப்பளம் போல விறைத்துக் காய்ந்திருந்தது. அன்று காலையிலிருந்து அதில் தண்ணீரே பட்டிருக்கவில்லை.

"அன்னைக்குத் துணி ஏன் போடலை?" என்றாள்.

"என்னைக்கு?"

"பேனாவுக்கே ஈரத்துணி போடுறீங்க. என் பிஸ்டலுக்கு ஏன் போடலை?"

இத்தனை வருடமும் அவள் நடுவில்தான் குத்திக்கொண்டிருந்தாள். எதுக்காகத் தொட்டீங்க என்ற கேள்விக்கு அவனிடம் தயாராக ஒரு பதில் இருந்தது, அந்தப் பதில் நாலு பேர் மெச்சிய பதில். இது விளிம்பில் விழுந்தது. துணிக்குள் அவன் கை அப்படியே நின்றது. "மறந்துட்டேன் போல" என்றான். அந்தரத்தில் ஸ்பிரிங் சுற்ற ஆரம்பித்தது, ஒரு சுற்றோடு நிற்கவில்லை. கொசு மாதிரி, பிறகு தையல் மெஷின் மாதிரி, பிறகு லென்ஸ் தேய்க்கும் சக்கரம் மாதிரி சத்தம் ஏறியது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க மறக்கிற ஆளில்ல" என்றாள் அவள், அந்தச் சத்தத்துக்கு மேலே.

அவன் துணியைப் பார்த்தான். ஸ்பிரிங்கைப் பார்த்தான். "மறக்கல" என்றான். "தொலைஞ்சு போகட்டும்னுதான் துணி போடாமக் கழட்டினேன். அடுத்த வருஷம் போயிக்கலாம்ல, என்ன கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். டீக்கடையில எல்லாரும் என்னை பத்துக்காரி வீட்டுக்காரர்னு கூப்பிட ஆரம்பிச்சிருந்தாங்க. நாலு தெரு மெஷினும் என் கையாலதான் ஓடுது. எனக்குன்னு ஒரு பேரு வேண்டாமா?"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்பிரிங் தரையில் விழுந்து, அலமாரிப் பக்கமாக உருண்டது. பத்துக்காரி கீரையை உதறிவிட்டு ஒரே பாய்ச்சலில் அதை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தாள். கதகதவென்று இருந்தது. சுற்று ஒன்றுகூடக் கோணவில்லை, துரு ஒரு புள்ளி இல்லை. அதே நேரத்தில் மெக்கானிக், உட்கார்ந்திருந்த முக்காலியை விட்டு ஒரு சாண் மேலே எழும்பினான். முதலில் அதை அவனே கவனிக்கவில்லை. செருப்பு இரண்டும் தரையில் தங்கிவிட்டதைப் பார்த்து மகள்தான், "அப்பா, நீங்க மேல இருக்கீங்க" என்றாள்.

பத்துக்காரி நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரல் ஏறவில்லை, பதினோரு வருடம் அடக்கிப் பழகிய குரல். "உங்களுக்கு ஒரு பேரு வேணும்னு எனக்கு ஒரு பேரு வாங்கிக் குடுத்தீங்க. கோபக்காரி. உங்க அக்காவுல இருந்து கடைக்காரன் வரைக்கும் அப்படித்தான் சொல்றாங்க. நான் தப்பானவளோன்னு நானே நெனச்சேன். அதுக்கு உங்களை மன்னிக்கிறதா இல்லை." சொல்லிவிட்டு, அவன் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கிக்கொண்டாள். கழுத்திலிருந்த சாவியால் பெட்டியைத் திறந்தாள். மேகசின் இல்லை, குழியில் ஒன்றுமில்லை, கண்ணால் ஒரு தடவை, விரலால் ஒரு தடவை. பிரஷை விட்டாள், துணித்துண்டை விட்டாள். முதல் துண்டே வெள்ளையாக வந்தது. நம்பாமல் இன்னொன்று விட்டுப் பார்த்தாள், அதுவும் வெள்ளை. பிறகு எல்லாவற்றையும் மஞ்சள் துணிக்கு அடியில் வைத்து, ஊசியின் மேல் ஸ்பிரிங்கை ஏற்றி, போல்ட்டுக்குள் தள்ளி, பின்னைச் செருகி, போல்ட்டைத் தடத்தில் ஓட்டி, குழலை மாட்டி, திருகினாள். கை எந்த இடத்திலும் தடுமாறவில்லை. ஊசி வரைக்கும் வாரா வாரம் போய் வந்த பாதைதானே, அதற்குப் பிறகு இரண்டே அடி. கடைசியில் விசையை அமுக்கிப் பார்க்கவும் இல்லை. தோட்டா இல்லாமல் அமுக்கினால் ஊசி குழியின் விளிம்பில் அடித்துத் தழும்பாக்கிவிடும். அன்றைக்கு இவன் எண்ணெய் போட்டதோடு நில்லாமல், அப்படி இரண்டு தடவை அமுக்கியும் பார்த்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொண்டாள்.

மத்தியானமே சுடுகளத்துக்குப் போனாள். அங்கிருந்த பொறுப்பாளர் புதியவர். பிஸ்டலை வாங்கி, போல்ட்டை இழுத்துப் பார்த்து, ஊசியைச் சோதித்து, "நல்லா வச்சிருக்கீங்களே, அடிக்கடி சுடுவீங்களா?" என்று கேட்டார். "பதினோரு வருஷம் ஆச்சு" என்றாள். கைப்பிடி உள்ளங்கையில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு அடங்கும் வரை நின்று, ஐந்து முறை சுட்டாள். ஊசி ஒவ்வொரு முறையும் வெளியே போய் விளிம்பில் அடித்துவிட்டுத் திரும்பி உள்ளே வந்தது. அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். நாலு பத்தில், ஒன்று ஒன்பதில். அந்த ஒன்பதைப் பார்த்து அவள் முகம் போன போக்கில், பொறுப்பாளர் அட்டையை மேஜையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

மெக்கானிக் இறங்கவில்லை. நாத்தனார் ஓடி வந்து, என்னடா இது கோலம் என்று கேட்டபோது, பழக்கதோஷத்தில், நல்லதுக்குத்தான் பண்ணேன் என்று ஆரம்பித்தான், இன்னும் இரண்டு விரற்கடை மேலே போனான். நிஜத்தைச் சொன்ன பிறகுதான் பழைய சாணுக்கு வந்தான். இப்படி ஒவ்வொரு உறவுக்காரருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பூசி மெழுகினால் ஏறுகிறான், உள்ளதைச் சொன்னால் ஒரு சாணோடு நிற்கிறான். மேஸ்திரி டேப்பைப் பிடித்து அளந்து, சரியாக ஒன்பது அங்குலம் என்றார். அதன் பிறகு அவனைப் பாவம் என்று யாரும் சொல்லவில்லை. நாத்தனார் மட்டும், சொன்னதையெல்லாம் விழுங்க வழி தெரியாமல், ஆறு மாதம் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. தொழில் நின்றுவிடவில்லை. மிதிக்கிற மெஷினுக்குக் கால் எட்டவில்லை என்று உள்ளங்காலில் மரக்கட்டைகளைக் கட்டிக்கொண்டான். வேலை முன்போலவே சுத்தம், ஸ்பிரிங் ஒன்றும் தொலையவில்லை. ஒருசாண் மெக்கானிக் என்றால் எட்டுத் தெருவுக்கும் தெரியும். அவன் ஆசைப்பட்ட மாதிரியே அவனுக்கென்று ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

மறு வருடத் தேர்வில் பத்துக்காரி இரண்டாவதாக வந்தாள். அவளைவிடப் பத்து, பதினைந்து வயது குறைந்தவர்கள்தான் மற்ற நாலு பேரும். ஆறு மாத முகாமுக்குக் கிளம்பும் நாளில் நாத்தனார் வந்தாள். பிஸ்டலைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி, "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் அவனை இப்படியே விட்டு வைப்பே? கொஞ்சம் மனசு இறங்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"நானா அக்கா ஏத்தி விட்டேன்?" என்றாள் அவள், ஊசியைத் துணியால் ஒற்றிக்கொண்டே. "ஸ்பிரிங் இறங்க பதினோரு வருஷம் நாலு மாசம் ஆச்சு. நான் ஒருத்தி பொறுத்துக்கிட்டுதான் இருந்தேன். இவரும் இருக்கட்டும்."

நாத்தனார் பைக்குள் வைக்கத் துணிகளை மடித்துக் கொடுத்தாள். வாசல்வரை பெட்டியைத் தூக்கி வந்தது மெக்கானிக்தான். ஒன்பது அங்குலத்தில் இருப்பவனுக்குப் படி இறங்குவது சிரமம், மகள் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டாள். போய்விட்டு வா என்றான். பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று அவள் இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினாள். முன்னறையில் இப்போது ஃபேன் ஓடுகிறது. இரண்டில்தான் வைக்கிறார்கள். மூன்றில் வைத்தால் அவன் மெல்ல நகர்ந்து சுவர்ப்பக்கம் போய்விடுகிறான், பிறகு மகள் வந்து மேஜைக்கு இழுத்துவிட வேண்டியிருக்கிறது.